சர்க்கரை நோயுள்ள 9 வயது நாய்க்குக் கண்புரை: அறுவை சிகிச்சை செய்யலாமா, விட்டுவிடலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ரோஸிக்கு 9 வயது. ஐந்து மாதத்துக்கு முன் சர்க்கரை நோய் என்று தெரிந்தது; காலையும் மாலையும் இன்சுலின் போடுகிறீர்கள். போன மாதம்வரை பந்தைத் துரத்திக்கொண்டிருந்தவளுக்கு மூன்றே வாரத்தில் இரண்டு கண்ணும் பால் ஊற்றினாற்போல வெளுத்துவிட்டன. இப்போது கதவு நிலையில் முட்டிக்கொள்கிறாள். ஒரு மருத்துவர், "கண்புரைதான், அறுவை சிகிச்சை செய்தால் பார்வை திரும்பும்" என்கிறார். இன்னொருவர், "வயதாகிவிட்டது, விட்டுவிடுங்கள், நாய்க்கு மூக்குதான் கண்" என்கிறார். உங்கள் அம்மாவும் இரண்டாமவர் பக்கம். நடுவில் நீங்கள் தூக்கமில்லாமல் தவிக்கிறீர்கள்.

நான் கால்நடை மருத்துவர். கடைசி பதினோரு வருடமாகக் கண் நோய்களை மட்டுமே பார்க்கிறேன். உங்களிடம் இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். புரை விழுந்த கண் சும்மா இருக்காது. உள்ளே அழற்சி நடந்துகொண்டே இருக்கும். அதனால் "விட்டுவிடுவது" என்று ஒரு வழியே உங்களுக்குக் கிடையாது. அறுவை செய்வது ஒரு வழி. அறுவை செய்யாமல், ஆனால் தினமும் சொட்டு மருந்து விட்டு, கண் அழுத்தத்தை அவ்வப்போது அளந்து பார்த்துக்கொள்வது இன்னொரு வழி. எந்த வழியில் போனாலும் மருந்து இந்த வாரமே தொடங்க வேண்டும். அறுவையா இல்லையா என்ற யோசனைக்கு இன்னும் சில நாள் எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சொட்டு மருந்தைத் தொடங்க நாள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

வெளுத்த கண் எல்லாம் புரை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதே சந்தேகத்தோடு பலர் வருகிறார்கள். நாய்க்கு ஏழெட்டு வயது தாண்டியதும் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகி, பார்ப்பதற்கு நீலச்சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். அது முதுமையின் இயல்பு. பார்வை பெரும்பாலும் அப்படியே இருக்கும், எந்தச் சிகிச்சையும் வேண்டாம். இருட்டில் டார்ச் அடித்தால் நாயின் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ மின்னும் அல்லவா, இந்த முதுமை மங்கலில் அந்த மின்னல் தெரியும், ஒளி உள்ளே போய் வருகிறது. முற்றிய புரையில் வெள்ளைச் சுவர் மட்டும்தான் தெரியும். ரோஸிக்கு மூன்று வாரத்தில் வந்ததைப் பார்த்தால் இது முதுமை மங்கல் இல்லை. சர்க்கரையால் வந்த புரை என்றுதான் நானும் நினைக்கிறேன்.

இது எப்படி இவ்வளவு வேகமாக வந்தது என்று கேட்டிருந்தீர்கள். லென்ஸுக்கு ரத்தக் குழாய் கிடையாது. சுற்றியிருக்கும் திரவத்திலிருந்துதான் அது சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. சர்க்கரை அளவுக்கு மீறி வரும்போது, வழக்கமான பாதையில் செலவழிக்க முடியாமல், அதை சார்பிட்டால் என்ற இன்னொரு பொருளாக மாற்றுகிறது. இந்த சார்பிட்டால் லென்ஸைவிட்டு எளிதில் வெளியே போகாது. போகாததோடு தண்ணீரையும் உள்ளே இழுக்கும். மழைக்காலத்தில் மரக்கதவு ஈரம் குடித்து உப்பிக்கொள்வதுபோல லென்ஸ் உப்புகிறது, அதன் இழைகள் குலைகின்றன, வெளுத்துப் போகிறது. சர்க்கரை நோய் வந்த நாய்களில் ஏறக்குறைய நான்கில் மூன்றுக்கு ஒரு வருடத்துக்குள் புரை வந்துவிடும். இன்சுலினை ஒழுங்காகப் போட்ட வீடுகளிலும் வருகிறது. "நான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டேன்" என்று எழுதியிருந்தீர்களே, தயவுசெய்து அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். அவளுக்கு நீங்கள் ஊசி போட்டதால்தான் இன்றைக்கு அறுவை சிகிச்சை பற்றிப் பேச முடிகிறது.

இப்போது அழற்சிக்கு வருகிறேன். லென்ஸைச் சுற்றி மெல்லிய உறை இருக்கிறது. நாய் பிறப்பதற்கு முன்பே லென்ஸின் புரதங்கள் அந்த உறைக்குள் அடைபட்டுவிடும். உடலின் நோய் எதிர்ப்புச் சக்திக்கு அவை பழக்கமில்லாதவை. புரை விழுந்த லென்ஸிலிருந்து அந்தப் புரதம் கசியும்போது, உடம்பு அதை வெளியாள் என்று நினைத்துத் தாக்குகிறது. கண் சிவக்கும், நீர் வடியும், வெளிச்சத்தில் இடுக்கிக்கொள்ளும், கண்ணின் நடுவிலுள்ள கறுப்புத் துளையான பாப்பா சுருங்கும். சர்க்கரைப் புரையில் லென்ஸ் வேகமாக உப்புவதால் உறையே கிழிந்துவிடுவதும் உண்டு. அப்போது அழற்சி கடுமையாக இருக்கும், அறுவை செய்வதாக இருந்தால் நாள் கணக்கில் முடிவெடுக்க வேண்டி வரும். அழற்சி நாள்பட்டால் கண்ணுக்குள் திரவம் வெளியேறும் வழி அடைபட்டு அழுத்தம் ஏறும். அதுதான் கிளாக்கோமா. அது மிகவும் வலிக்கிற நோய். நாய் வலியைக் கத்திச் சொல்லாது. அதிகம் தூங்கும், தலையைத் தொட்டால் விலகும், விளையாட்டை விட்டுவிடும். "வயதாகிவிட்டது, சோர்ந்து கிடக்கிறாள்" என்று நாம் நினைத்துக்கொள்வோம். கிளாக்கோமா வந்த கண்ணை எடுத்த பிறகு, பத்தே நாளில் குட்டி மாதிரி ஓடுகிற நாய்களைப் பார்த்திருக்கிறேன். அத்தனை மாதமும் அது தலைவலியோடுதான் இருந்திருக்கிறது என்பது வீட்டாருக்கு அப்போதுதான் உறைக்கும்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். "போன வருடமே இருட்டினால் வெளியே போகத் தயங்குவாள், நாங்கள் பயம் என்று நினைத்தோம்." என்னைப் பொறுத்தவரை உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான்.

போன வருடம் அவளுக்குப் புரை இல்லை. அப்படியானால் இருட்டில் ஏன் தயங்கினாள்? உண்மையிலேயே பயமாக இருக்கலாம், மூட்டு வலியாக இருக்கலாம். ஆனால் கண்ணின் பின்புறம் ஒளியை வாங்கும் படலமான விழித்திரை மெல்ல மெல்லத் தேய்ந்துபோகும் ஒரு பரம்பரை நோய் நாய்களுக்கு உண்டு. அதில் முதலில் போவது இரவுப் பார்வைதான். பகல் பார்வை மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில், தாக்குப்பிடிக்கும். பூடில், காக்கர் ஸ்பேனியல், லேப்ரடார் போன்ற இனங்களில் இது நன்கு தெரிந்த நோய், கலப்பினங்களிலும் வரும். விழித்திரை தேய்ந்த கண்ணிலும் பிற்பாடு புரை விழும். அப்படி விழுந்த புரையை எடுத்து என்ன பயன்? ஜன்னல் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்து வைத்தாலும் உள்ளே பார்க்க ஆள் இல்லை.

என் வீட்டிலேயே இது நடந்தது. மணி என்று ஒரு கறுப்பு காக்கர் ஸ்பேனியல். ஆறு வயதில் இரண்டு கண்ணிலும் புரை. நான் இதே வேலையில் இருப்பவன்; எப்படியும் சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு நானே பரிசோதனை மேசையில் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விழித்திரை மின்பதிவு என்று ஒரு சோதனை. கண்மேல் காண்டாக்ட் லென்ஸ் மாதிரி ஒரு மின்முனையை வைத்து, ஒளியைப் பளிச் பளிச்சென்று காட்டி, விழித்திரையிலிருந்து வரும் மின் அலையைத் திரையில் வரையும். நல்ல விழித்திரை என்றால் கோடு கீழே இறங்கி, மேலே எகிறும். மணியின் கோடு மேசை விளிம்பு மாதிரி நேராகப் போனது. மூன்று முறை போட்டுப் பார்த்தார்கள், மூன்று முறையும் அப்படியே. அறுவை செய்யவில்லை. அந்தச் சோதனை இல்லாமல் செய்திருந்தால் அவனுக்கு மயக்க மருந்து, தையல், மாதக்கணக்கில் மருந்து எல்லாம் கொடுத்து, கடைசியில் அதே இருட்டைத்தான் கொடுத்திருப்பேன்.

ஆகவே ரோஸியைக் கண் நிபுணரிடம் காட்டும்போது, இந்த மின்பதிவும் கண்ணின் அல்ட்ராசவுண்டும் செய்யாமல் அறுவைக்குத் தேதி வாங்காதீர்கள். புரை மறைப்பதால் விழித்திரையை நேரில் பார்க்க முடியாது. அது இடத்தைவிட்டுப் பிரிந்திருக்கிறதா என்பதை அல்ட்ராசவுண்டுதான் சொல்லும். அது உயிரோடு வேலை செய்கிறதா என்பதை மின்பதிவுதான் சொல்லும். "பாப்பா வெளிச்சத்துக்குச் சுருங்குகிறது, போதும்" என்று யாராவது சொன்னால் போதாது. விழித்திரை கணிசமாகத் தேய்ந்த கண்ணிலும் பாப்பா ஓரளவு சுருங்கும். இந்த இரண்டும் நன்றாக வந்துவிட்டால் போன வருடத்துத் தயக்கத்தை மறந்துவிடலாம்.

அங்கே போவதற்குள் நீங்கள் வீட்டில் பார்த்துவைக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. சின்னப் பஞ்சு உருண்டையை அவள் முகத்துக்கு ஓரடி முன்னால், மேலிருந்து விடுங்கள். பஞ்சு விழும்போது சத்தமும் வராது, வாசனையும் வராது. கண் தெரிந்தால் மட்டுமே தலை அதைத் தொடரும். வலது பக்கம், இடது பக்கம், தனித்தனியாக. கையை முகத்துக்கு நேரே வீசிப் பார்க்காதீர்கள். காற்று பட்டே கண் சிமிட்டுவாள், நமக்குப் பார்வை இருப்பதாகத் தோன்றிவிடும். நடக்கிற வழியில் தலையணைகளைப் போட்டு, விளக்கு எரியும்போது ஒரு முறை, மங்கலில் ஒரு முறை நடக்கவிட்டு அலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஐந்து நிமிடம் வாயால் விளக்குவதைவிட அந்தப் பதிவு அதிகம் சொல்லும்.

வயதைப் பற்றி. உங்கள் அம்மாவின் கவலை எனக்குப் புரிகிறது. மயக்கத்திலிருந்து எழாமல் போய்விட்டால் என்ற பயம்தான் அது. 9 வயது என்பது மட்டும் அறுவைக்குத் தடை இல்லை. 12, 13 வயது நாய்களுக்கும் செய்திருக்கிறோம். தடையாக வருவது இதயம், சிறுநீரகம், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, உடம்பில் எங்காவது பதுங்கியிருக்கும் தொற்று. ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, ரத்த அழுத்தம், இதயத்தில் முணுமுணுப்பு கேட்டால் எக்கோ, இவ்வளவும் பார்ப்பார்கள். சர்க்கரை நோயுள்ள பெண் நாய்களுக்குச் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும், வெளியே ஒன்றும் தெரியாது. பல் அழுகியிருந்தால் அதை முதலில் சரிசெய்யச் சொல்வார்கள். இதெல்லாம் இழுத்தடிப்பு இல்லை. அறுவை செய்த கண்ணுக்குள் கிருமி போனால் கண்ணே போய்விடும். கண்ணீர் சுரப்பையும் ஒரு காகிதப் பட்டை வைத்து அளப்பார்கள். ஒரு நிமிடத்தில் பட்டை 15 மில்லிமீட்டராவது நனைய வேண்டும். சர்க்கரை நாய்களுக்கு இது குறைவாக இருப்பதுண்டு. உலர்ந்த கண்ணில் கருவிழி சீக்கிரம் புண்ணாகும், புண்ணும் ஆறாது.

சர்க்கரை அளவு முற்றிலும் சீராகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று மாதக்கணக்கில் தள்ளுவதும் தப்பு. ஓரளவு நிலையாக இருந்தால் போதும். நாம் காத்திருக்கும் நேரத்தில் லென்ஸ் காத்திருப்பதில்லை.

அறுவை சிகிச்சை மனிதர்களுக்குச் செய்வதுதான். சார்ல்ஸ் கெல்மன் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் 1967-ல் கொண்டுவந்த முறை. பல் மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, பல் கறையை எடுக்கும் மீயொலிக் கருவியைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்ததாம். சுமார் 3 மில்லிமீட்டர் கீறல் வழியாக ஊசி போன்ற கருவியை நுழைத்து, மீயொலி அதிர்வால் புரையைக் கூழாக்கி உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே உறைக்குள் செயற்கை லென்ஸை வைப்பார்கள். நாயின் கண்ணுக்கு 41 டயாப்டர் (லென்ஸின் திறனை அளக்கும் அலகு) அளவில் லென்ஸ் தேவை, மனிதனுக்குத் தேவையானதைப் போல சுமார் இரண்டு மடங்கு. ஏதோ காரணத்தால் லென்ஸ் வைக்க முடியாமல் போனாலும் பயப்பட வேண்டாம்; கிட்டத்தில் மங்கலாகத் தெரியும், ஆனால் முட்டாமல் நடக்கும், உங்கள் முகத்தைத் தேடிவரும். நாய் அசையாமல் இருக்காது என்பதால் முழு மயக்கம் தேவை. இரண்டு கண்ணையும் ஒரே மயக்கத்தில் செய்துவிடுவதுதான் வழக்கம், ரோஸிக்கும் அதுதான் நல்லது.

இனி, என்ன கெடலாம் என்பது. சரியாகத் தேர்ந்தெடுத்த நாய்களில் 100-க்கு 90 ஒட்டி பார்வை திரும்புகிறது. இது முதல் சில மாதங்களின் கணக்கு. வருடம் போகப்போக இந்த எண்ணிக்கை குறையும், ஏனென்றால் கிளாக்கோமாவும் விழித்திரை பிரிவதும் பிற்பாடும் வரலாம். அறுவை முடிந்த சில மணி நேரத்தில் கண் அழுத்தம் திடீரென்று ஏறுவது பல நாய்களில் நடப்பது. அதனால்தான் அன்றைக்கு மணிக்கொரு முறை அளந்துகொண்டே இருப்பார்கள். உள்தொற்று அரிது, வந்தால் கொடுமை. புரை முற்றி, லென்ஸ் சுருங்கி, அழற்சி பல மாதம் ஓடிய கண்ணில் இந்த ஆபத்துகள் எல்லாமே கூடும். சீக்கிரம் செய்த கண்கள் நன்றாக இருக்கின்றன என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான். பத்தில் ஒன்று என்பது சின்ன எண் இல்லை. அந்த ஒன்று நம் வீட்டு நாயாக இருந்தால், அதற்குப் பார்வையும் போய் வலியும் வரும். இதைக் கேட்ட பிறகும் "செய்யலாம்" என்று தோன்றினால்தான் செய்ய வேண்டும்.

அறுவை செய்பவரின் கையைவிட அதிகமாக முடிவைத் தீர்மானிப்பது வீட்டில் நடப்பதுதான் என்பது என் அனுபவம். முதல் சில வாரம் ஒரு நாளைக்கு நான்கு முறையாவது, மூன்று நான்கு விதமான சொட்டு மருந்து, இரண்டு கண்ணிலும். ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் ஐந்து பத்து நிமிட இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஸ்டீராய்டு சொட்டு பால்போல இருந்தால் நன்றாகக் குலுக்க வேண்டும், மருந்து அடியில் தங்கியிருக்கும். ஒவ்வொரு வேளையும் அரை மணி நேரம் போய்விடும். இதோடு இன்சுலின். மூன்று வாரம்வரை கழுத்தில் கூம்பு. குரைக்கக் கூடாது, குதிக்கக் கூடாது, மாடிப்படி கூடாது. கழுத்துப் பட்டையில் சங்கிலி மாட்டக் கூடாது. கழுத்து இழுபட்டால் கண் அழுத்தம் ஏறும், மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ்தான் போட வேண்டும். மறுநாள், ஒரு வாரம், மூன்று வாரம், ஆறு வாரம், மூன்று மாதம் என்று பரிசோதனைக்குப் போய்வர வேண்டும். அப்புறமும் பல நாய்களுக்குத் தினம் ஒரு சொட்டு ஆயுளுக்கும் தொடரும். சர்க்கரை நோய் இருப்பதால் ஸ்டீராய்டை எவ்வளவு, எத்தனை நாள் என்பதில் மருத்துவர் கவனமாக இருப்பார். சொட்டு மருந்தாக விட்டாலே சில நாய்களுக்குச் சர்க்கரை ஏறும், அந்த வாரங்களில் அளவை அடிக்கடி பாருங்கள்.

இப்போதே ஒரு ஒத்திகை பாருங்கள். எப்படியும் அழற்சிக்குச் சொட்டு மருந்து தொடங்கப் போகிறீர்கள் அல்லவா, அதுவே ஒத்திகை. அவளுக்கு எதிரே நின்று பாட்டிலை நீட்டாதீர்கள், பின்வாங்குவாள். அவள் முதுகு உங்கள் வயிற்றில் சாய்கிறமாதிரி உட்காரவைத்துக்கொள்ளுங்கள். இடது கையால் தாடையைத் தாங்கி மூக்கைக் கூரையைப் பார்க்கத் தூக்குங்கள். பாட்டில் பிடித்த வலது கையின் அடிப்பகுதி அவள் நெற்றியில் பதியட்டும். தலையை அசைத்தாலும் கை கூடவே அசையும், நுனி கண்ணில் குத்தாது. அதே கையின் சுண்டுவிரலால் மேல் இமையை மெல்லத் தூக்கி, வெள்ளை தெரியும் இடத்தில் ஒரு சொட்டு. ஒன்று போதும், இரண்டாவது வழிந்து கன்னத்துக்குத்தான் போகும். உடனே அவளுக்குப் பிடித்த இடத்தில் சொறிந்துவிடுங்கள். நான்கு நாளில் பாட்டில் சத்தம் கேட்டு அவளாகவே வந்து உட்கார்ந்தால், அறுவைக்குப் பிறகான நாட்களை நீங்கள் சமாளித்துவிடலாம். கடிக்க வருகிறாள், இரண்டு பேர் பிடித்தும் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை என்றால், அதை நிபுணரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அது அறுவை வேண்டாம் என்பதற்கு நியாயமான காரணம். வீட்டில் பகலில் யாரும் இல்லை என்பதும் நியாயமான காரணம்தான். செலவு தாங்காது என்பதும்தான். இதற்காக யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

சொட்டு மருந்திலேயே புரை கரையுமா என்று உங்கள் தம்பி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். கரையாது. அப்படிச் சொல்லி விற்கும் எதற்கும் நிரூபணம் இல்லை. நாம் விடும் சொட்டு அழற்சியை அடக்கும், அவ்வளவே. புரையை எடுக்க அறுவை ஒன்றுதான்.

அறுவை வேண்டாம் என்று முடிவானால் என்ன ஆகும்? அழற்சிக்கான சொட்டு தினமும் தொடரும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண் அழுத்தம் அளக்க வேண்டும். நாய்களுக்கு 10 முதல் 25 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருப்பது இயல்பு. கண் திடீரென்று சிவந்து, கருவிழி நீலமாக மங்கி, அவள் சாப்பிடாமல் முகத்தைத் தேய்த்தால் அன்றைக்கே ஓட வேண்டும், மறுநாள் என்று வைக்கக் கூடாது. மருந்துக்கு அடங்காத வலியோடு, பார்வையும் இல்லாத கண் என்றால் எடுத்துவிடச் சொல்வார்கள். கேட்கவே பதறும். ஆனால் நான் மேலே சொன்னேனே, அந்தப் பத்து நாள், அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பார்வை இல்லாத வாழ்க்கையைப் பற்றி அந்த இரண்டாவது மருத்துவர் சொன்னதில் நிறைய உண்மை இருக்கிறது. மணி அதற்குப் பிறகு ஐந்து வருடம் இருந்தான். முதல் இரண்டு வாரம் சுவரோரமாகவே ஒட்டிக்கொண்டு நடந்தான், கூப்பிட்டால் எந்தப் பக்கம் வருவதென்று தெரியாமல் நடுவில் நின்றான். அந்த இரண்டு வாரம் எனக்குத்தான் தாங்க முடியவில்லை. பிறகு வீட்டின் வரைபடம் அவன் தலைக்குள் வந்துவிட்டது. வாசற்படி வந்ததும் நிற்பான், வலது முன்னங்காலை நீட்டி இரண்டு முறை தட்டிப் பார்ப்பான், பிறகு இறங்குவான். நாங்கள் செய்தது கொஞ்சம்தான். மேசை நாற்காலியை நகர்த்தவில்லை. தண்ணீர்ப் பாத்திரத்துக்கு முன்னால் சொரசொரப்பான மிதியடி ஒன்று போட்டோம், கால் பட்டதும் தெரிந்துகொள்வான். தூங்கும்போது பேசாமல் தொட மாட்டோம். "படி" என்றால் படி, "நில்" என்றால் நில். வெளியே போனால் என் நடைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவான். வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவனுக்குக் கண் தெரியாது என்பதே தெரியாது.

ஆனால் மணிக்குப் பார்வை மெல்ல மெல்லப் போனது, பழக நேரம் கிடைத்தது. ரோஸிக்கு மூன்று வாரம்தான் கிடைத்திருக்கிறது. அவள் இப்போது சோர்ந்து கிடப்பதை வைத்து இனி எப்போதும் இப்படித்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். அந்தச் சோர்வில் அழற்சியின் வலியும் கொஞ்சம் இருக்கலாம். மருந்து தொடங்கிய ஒரு வாரத்தில் எவ்வளவு தெளிகிறாள் என்று பாருங்கள்.

என் நாயாக இருந்தால் என்ன செய்வேன் என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். மின்பதிவு நன்றாக வந்து, அல்ட்ராசவுண்டில் விழித்திரை ஒட்டியிருந்து, இதயமும் சிறுநீரகமும் சரியாக இருந்து, சொட்டு மருந்துக்கு அவள் உட்கார்கிறாள் என்றால், நான் செய்வேன். ஒரு மாதத்துக்குள் செய்வேன். அவளுக்கு இன்னும் சில வருடம் இருக்கும் என்று நம்ப இடமிருக்கிறது. மின்பதிவில் கோடு தட்டையாக வந்தால், அன்றைக்கே அறுவைப் பேச்சை விட்டுவிட்டு மிதியடி வாங்கப் போவேன். நடுவில், கோடு இருக்கிறது ஆனால் பலவீனமாக இருக்கிறது என்று வந்தால்தான் கஷ்டம். அப்போது அந்த நிபுணரிடம், "இந்தக் கோட்டுக்கு எவ்வளவு காலம் பார்வை நிற்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். ஆறு மாதப் பார்வைக்காக மூன்று வாரம் கூம்பு மாட்டிவைக்க எனக்கு மனம் வராது. இரண்டு மூன்று வருடம் என்றால் வரும்.

நிபுணரிடம் இன்னும் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த அறுவையை அவர் எவ்வளவு அடிக்கடி செய்கிறார், அன்று இரவு அவளை அங்கேயே வைத்துக்கொள்வார்களா, நள்ளிரவில் கண் சிவந்தால் யாரைக் கூப்பிட வேண்டும். மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் நான் செய்துகொள்ள மாட்டேன்.

அம்மாவையும் கூட அழைத்துப் போங்கள். மின்பதிவு ஓடும்போது அந்தத் திரையை அவரும் பார்க்கட்டும். போகும்போது சர்க்கரை அளவு எழுதிவைத்திருக்கும் நோட்டு, தலையணை நடையின் பதிவு, இப்போது விடும் மருந்துப் பாட்டில்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். சோதனைக்கு லேசான மயக்கம் கொடுக்கலாம், அதனால் அன்று காலை சாப்பாடும் இன்சுலினும் எவ்வளவு என்று முந்தின நாளே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்தப் போன வருட இருட்டுத் தயக்கத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். மின்பதிவு முடிவு வந்ததும் எழுதுங்கள், கோடு எப்படி வந்தது என்று அறிய நானும் காத்திருப்பேன்.